கடல் சோத்துக்கைப் பக்கம்

நெடுந்தீவில் அந்தக் காலத்தில் சின்னக்குட்டி என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். மாட்டுக்காரச் சின்னக்குட்டி என்றால் ஒருத்திதான். சந்தியோகுவின் மூத்த மகள். ஞானஸ்நானப் பெயர் எலிசபெத்து. அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தாய் கண்ணை மூடியபோது தம்பி சவிரிமுத்து தவழ்கிற பிள்ளை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், மீசை முளைக்கும் வரைக்கும் இறக்கவில்லை என்று ஊரில் பகிடி சொல்லுவார்கள். கலியாணம் பேசி வராமலும் இல்லை. "தம்பியையும் மாடுகளையும் கொண்டுதான் வருவன்" என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு ஓம் என்றவன் மாடுகளுக்கு ஓம் என்னவில்லை. மாடுகளுக்கு ஓம் என்றவன் தம்பியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவளும் போங்கடா என்று இருந்துவிட்டாள்.

மாடு வளர்க்கிறவளுக்குக் கால் ஓயாது. கல்வேலி பாய்ந்து மாடு ஓடிவிட்டால் சின்னக்குட்டி விடியப்புறம் புறப்படுவாள். கடலைச் சோத்துக்கையான வலக்கைப் பக்கம் விட்டு நடக்கத் தொடங்கினால், மாடு அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், பொழுது சாய வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து நிற்பாள். வழி கேட்கத் தேவையில்லை, தடுமாறத் தேவையில்லை. கடலை ஒரே கைப் பக்கம் வைத்திருந்தால் சரி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். தீவில் பிறந்த எல்லாருக்கும் இது கால் அறிந்த சங்கதி.

சவிரிமுத்து வளர்ந்து திருகோணமலைக்குத் துறைமுக வேலைக்குப் போனான். அங்கேயே ஞானசவுந்தரி என்ற நல்ல பெட்டையைக் கட்டினான். கலியாணம் நெடுந்தீவுக் கோயிலில்தான் நடந்தது. அதனால் சின்னக்குட்டிக்குத் திருகோணமலை பார்க்கிற தேவை வரவில்லை. மாடுகளை யாரிடம் விட்டுப் போவது? வருசங்கள் போயின, பிள்ளை இல்லை. சின்னக்குட்டி அந்தோனியாருக்கு ஏற்றிய மெழுகுதிரியை அடுக்கினால் ஒரு வேலி கட்டலாம். கடைசியில் எண்பத்து மூன்றாம் ஆண்டு தவக்காலத்தில் பெண் பிள்ளை பிறந்தது. ஊருக்கு வந்த ஆளிடம் சவிரிமுத்து சொல்லி அனுப்பினான்: "உயிர்த்த ஞாயிறு கழிஞ்சு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். அக்காதான் பிள்ளையை ஏந்த வேணும். அக்கா வராட்டி நான் பேசமாட்டன்."

சின்னக்குட்டிக்கு நிலத்தில் கால் பாவவில்லை. தன் கையால் ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டாள். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் ஞானத்தாய் ஆனதில்லை. கலியாணம் முடிக்காதவளை யார் கேட்பார்கள்? இப்போது கேட்டிருக்கிறார்கள். மாடுகளைத் தகப்பனிடமும் அயலிடமும் ஒப்படைத்துவிட்டு, ஒரு போத்தல் நெய்யும் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பையும் கட்டிக்கொண்டு லோஞ்சுப் படகில் ஏறினாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு உறவுவீட்டில் தங்கி, சனிக்கிழமை காலையில் பஸ் எடுத்தாள். பின்னேரம் ஆகிறபோது பஸ்ஸின் முன் கண்ணாடிக்குள்ளால் கறுப்பாக ஏதோ எழும்பி நிற்பது தெரிந்தது. சின்னக்குட்டி துடித்துப் பதைத்து எழும்பினாள்.

"தம்பி, கொண்டக்டர் தம்பி! பேய் இருட்டு இருட்டிக்கொண்டு வருது. மேல கட்டின சாமான் எல்லாம் நனையப் போகுது, இறக்கும்!"

கொண்டக்டர் குனிந்து பார்த்தான். "எங்கயணை?"

"அந்தா, முன்னால!"

"அது கன்னியாப் பக்கத்து மலையணை. நாளைக்கும் அங்கதான் நிக்கும். இரும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. சின்னக்குட்டியும் சிரித்தாள். ஆனால் இறங்கும் வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தாள். நிலம் என்பது படுத்துக் கிடக்கிற ஒன்று என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இங்கே அது எழும்பி நிற்கிறது, தலையில் காட்டையும் வைத்துக்கொண்டு.

சவிரிமுத்துவின் வீடு உவர்மலையில். ஏற்றத்தில் ஏறிக்கொண்டு போகிறபோது சின்னக்குட்டி தம்பியின் தோளைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏன்ரா, ஊரில கிடக்கிற இடம் எல்லாம் விட்டிட்டு ஆடு மாதிரி உச்சியில வந்து குந்தியிருக்கிறாய்?"

"காத்து வருமணை அக்கா."

"காத்து கீழயும்தான் வருது."

முற்றத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். கீழே துறைமுகம். நாலு பக்கமும் குன்று சூழ, கடல் உள்ளே வந்து, கேணித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. கப்பல்கள் நின்றன. நெடுந்தீவில் கடலைப் பார்க்கக் கண்ணை நேரே விட வேண்டும். இங்கே கண்ணைக் கீழே இறக்க வேண்டும். அப்படியே முற்றத்தில் இருந்துவிட்டாள்.

வீட்டுக்குள் ஞானசவுந்தரியின் தமக்கை அல்போன்சம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சின்னக்குட்டியின் வயதுதான். தகப்பன் தாய் இல்லாத தங்கச்சியை வளர்த்து, படிப்பித்து, கட்டிக்கொடுத்தவள். நல்ல உடுப்பு, நல்ல கதை, நாக்கில் கொஞ்சம் மிளகு.

"வாரும் மச்சாள். உங்கட தீவில இருந்து இஞ்ச வரக் கப்பல்காரருக்கே இவ்வளவு நாள் செல்லாது. நீர் வருசக் கணக்கா எடுத்துப்போட்டீர்."

"மாடு விடவேணுமே மச்சாள்."

"மாட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இஞ்ச புல்லு இருக்கு, தண்ணி இருக்கு. கலியாணத்துக்கு வந்த நேரம் பாத்தனான், உங்கட ஊரில ரெண்டும் இல்லை."

சின்னக்குட்டி புழுக்கொடியல் பையை எடுத்து அல்போன்சம்மாவின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "பல்லு இருந்தாச் சாப்பிடும்" என்றாள். ஞானசவுந்தரி குசினிக்குள் போய்ச் சிரித்தாள்.

பிறகு பிள்ளையை வாங்கினாள் சின்னக்குட்டி. சவிரிமுத்துவின் அதே மூக்கு. அவன் தவழ்ந்து திரிந்த நாளில் இருந்த மூக்கு. பிள்ளை அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

சாப்பாட்டுக்கு இருந்தபோது சவிரிமுத்து மறுநாள் அலுவலைச் சொன்னான். இரண்டாம் பூசை முடிந்த கையோடு ஞானஸ்நானம். சுவாமியார் அதை முடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் பூசை வைக்கப் போக வேண்டும். காத்து நிற்க மாட்டார்.

"அதுக்கு முதல் நான் கடலுக்குப் போட்டு வரவேணும்" என்றாள் சின்னக்குட்டி.

"ஏனாம்?" என்றாள் அல்போன்சம்மா.

சின்னக்குட்டி தங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். கோயில் தண்ணீர் பிள்ளையின் தலைக்கு, கடல் தண்ணீர் காலுக்கு. பிள்ளையை ஏந்துகிறவள் அன்று விடியக் கடலுக்குத் தனியே போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து, கோயிலுக்குள் கொண்டுபோக முதல் பிள்ளையின் இரண்டு காலையும் நனைக்க வேண்டும். பிறப்பு முதல் சாவு வரைக்கும் கடலைத் தாண்டித்தான் எல்லாத்துக்கும் போகவேண்டிய சனம். கடலுக்குப் பிள்ளையின் காலைத் தெரிந்திருக்க வேண்டும். அதிலும் ஒரு கட்டுப்பாடு. தண்ணீர் எடுக்கப் புறப்பட்டதில் இருந்து காலை நனைக்கும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப அள்ள வேண்டும். சந்தியோகுவின் பரம்பரையில் எல்லாருடைய காலும் இப்படி நனைந்ததுதான். சவிரிமுத்துவின் காலை நனைத்தவள் பெரியம்மா ஒருத்தி. அதனால்தான் அவன் ஒருநாளும் கடலில் விழவில்லை என்றாள்.

"விழுந்தனான் அக்கா, ரெண்டு தரம்."

"செத்தியோ? இல்லையே. சும்மா இரு."

அல்போன்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "நல்லது மச்சாள். உங்கட வழக்கம் உங்களுக்கு. ஆனா நான் வெளிப்படையாச் சொல்லுறன். நீர் பிந்தினீர் எண்டா சுவாமியார் பாத்துக்கொண்டு நிக்கமாட்டார். நான் ஏந்திப்போடுவன். பேந்து மனவருத்தப்படக் கூடாது."

"நான் ஏன் பிந்துறன்? கடல் வாசலில கிடக்கு."

"நான் கூட்டிக்கொண்டு போறன் அக்கா" என்றான் சவிரிமுத்து.

"தனியத்தான் போகவேணும். நீ போத்தல் ஒண்டு தா, அது காணும்."

வீட்டில் இருந்த போத்தல் எல்லாம் மருந்தும் எண்ணெயும். துறைமுகத்துக் கூட்டாளிகள் வந்த நாளில் மிஞ்சிய சாராயப் போத்தல் ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. அதைக் கழுவித் துணி சுற்றிக் கொடுத்தான்.

ஞாயிறு விடிகிறபோது சின்னக்குட்டி போத்தலோடு படலையில் நின்றாள். ஏறுவது வேறு, இறங்குவது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. நேரே பார்த்தால் றோட்டு காலுக்குக் கீழே இருந்து வழுகிக்கொண்டு போனது. துரவுக் கிணற்றுக்குள் இறங்குகிறபோது என்ன செய்வோம்? முதுகைக் காட்டி இறங்குவோம். அவளும் திரும்பி நின்று, வேலியைப் பிடித்து, பின்பக்கமாக அடி வைத்து இறங்கினாள். ஒரு நாய் மேலே நின்று தலையைச் சரித்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பாலுக்குப் போன ஒரு மனுசன், "ஏதும் மறந்துபோனீங்களோ அம்மா?" என்று கேட்டான். வாயைத் திறக்க ஏலாது. தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

துறைமுகக் கரைக்கு வந்து குனிந்து கையை வைத்தாள். தண்ணீருக்கு மேலே எண்ணெய் படர்ந்து, மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது. மோந்து பார்த்தாள். பஸ் மணத்தது. தம்பியின் பிள்ளைக்கு முதல் முதல் காட்டுகிற கடல் இதுவோ? கையை உதறிவிட்டு, நல்ல தண்ணீர் தேடிக் கரையோடு நடந்தாள். கடல் சோத்துக்கைப் பக்கம்.

கொஞ்சத் தூரம் போக, வீடுகளுக்கு நடுவால் ஒரு தெருவின் மறு முனையில் நீலமாகத் தெரிந்தது. அதுவும் கடல். இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். சின்னக்குட்டி அந்த இடத்திலேயே நின்றாள். அட, இதுவும் ஒரு தீவுதானே! இவ்வளவு நாளும் எவரும் இதைச் சொல்லவில்லையே! தம்பி பெரிய ஊருக்குப் போய்விட்டான் என்று கவலைப்பட்டது வீண். அவனும் ஒரு தீவில்தான் இருக்கிறான், நடுவில் நிலம் கொஞ்சம் எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு மனம் லேசானது. அந்தத் தெருவால் குறுக்கே போய், ஒரு பெரிய மதிலை உரசிக்கொண்டு மறுகரைக்கு இறங்கினாள். அங்கே நல்ல கடல். அலை வந்து வெள்ளையாக விழுந்தது. காலை நனைத்து, சிலுவை போட்டு, போத்தலை நிரப்பி அடைத்தாள்.

இனி வீடு. வந்த வழியால் போகலாம். ஆனால் இங்கேயும் கடல் சோத்துக்கைப் பக்கம்தான் கிடக்கிறது. இப்படியே நடந்தால் தீவைச் சுற்றி மற்றப் பக்கத்தால் தம்பி வீட்டுக் கரைக்கு வந்துவிடலாம். இதுவும் நெடுந்தீவு அளவுதான் வரும், அதுவும் இராது. ஊரையும் பார்த்ததாய்ப் போகும். பூசைக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. நடந்தாள்.

கோட்டை வாசலுக்குக் கிட்ட மரங்களின் கீழே அவள் ஒரு அதிசயத்தைக் கண்டாள். மான்கள். தெருவோரம் ஆடு மேய்கிற மாதிரி மான்கள் மேய்ந்தன. சின்னக்குட்டிக்கு வேறு எல்லாம் மறந்துபோனது. சுற்றி வந்து ஒவ்வொன்றின் தொடையையும் பார்த்தாள், குறி இல்லை. காதைப் பார்த்தாள், வெட்டு இல்லை. நெடுந்தீவில் மட்டக் குதிரைகள்தான் இப்படிக் குறி இல்லாமல் திரியும். யாருடைய மான்கள் இவை? ஒரு கன்று நொண்டுகிறது, அதைப் பார்க்கிறவன் இல்லையோ? காவலுக்கு நின்றவன் ஏதோ சிங்களத்தில் கேட்டான். இவள் வாயைப் பொத்தி, கன்றின் காலைக் காட்டி, போத்தலைக் காட்டி, வானத்தைக் காட்டினாள். சாராயப் போத்தலை நிமிர்த்திப் பார்த்த அவன், பெரிதாகச் சிரித்துக்கொண்டு போகச் சொல்லிக் கைகாட்டினான். கன்று தானாகவே கிட்ட வந்து கையை மோந்தது. குனிந்து குளம்புக்குள் இருந்த முள்ளை எடுத்து எறிந்தாள். "போடி" என்று சொல்ல வந்ததை விழுங்கினாள்.

கோட்டையைக் கடந்ததும் கடல் திரும்பவும் வந்தது, அதே சோத்துக்கைப் பக்கம். பார்த்தீரோ என்று சின்னக்குட்டி தனக்குள் சொன்னாள். கரை நீண்டு போனது. நடந்தாள், நடந்தாள். சூரியன் ஏறியது. கரை வளையவில்லை. தீவின் கரை என்றால் வளைய வேண்டும். இது நூல் பிடித்த மாதிரி வடக்கே போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் எங்கேயோ கோயில் மணி கேட்டது. முன்னுக்கு அல்ல, முதுகுக்குப் பின்னால், வெகு தூரத்தில்.

முதல் பூசையோ, இரண்டாம் பூசையோ? அல்போன்சம்மாவின் கையில் பிள்ளை இருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் ஏந்திப்போடுவன். பேந்து மனவருத்தப்படக் கூடாது.

முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். சின்னக்குட்டி ஓடிப்போய், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்கு முன்னால் நின்று கையால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு பிள்ளை தாலாட்டினாள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். வலைக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே பார்த்தார்கள்.

"பாவம், வாய் பேசாதாக்கும்" என்றான் ஒருவன்.

"போத்தலைப் பார், வாய் பேசும். இப்ப ஏலாமல் நிக்குது" என்றான் மற்றவன்.

சம்மாட்டியார் கைகளை வாயில் குவித்து, "அம்மா! உங்கட! வீடு! எங்க?" என்று அடுத்த ஊருக்குக் கேட்கக் கத்தினார்.

சின்னக்குட்டி போத்தலைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். கடல் இங்கேயும்தான் கிடக்கிறது. அடைப்பைத் திறந்து தண்ணீரைக் குபுகுபு என்று மணலில் கவிழ்த்தாள்.

"காது எனக்கு நல்லாக் கேக்கும், கத்தாதையும்!" என்றாள். "இந்தத் தீவைச் சுத்தி முடிக்க இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. "எந்தத் தீவணை?"

"இந்தத் தீவுதான். திருகோணமலைத் தீவு. நான் நெடுந்தீவு ஆள். கடலைச் சோத்துக்கைப் பக்கம் விட்டு வாறன், இன்னும் தம்பி வீட்டைக் காணேல்லை."

சம்மாட்டியாருக்கு விளங்கியது. கயிற்றை மற்றவனிடம் கொடுத்துவிட்டு மணலில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "பிழையில்லையணை, பிழையில்லை! கடலை விடாமல் இப்பிடியே நடவுங்கோ. முல்லைத்தீவு வரும். பேந்து பருத்தித்துறை வரும். கடைசியில வீட்டுக்குத்தான் போவீங்கள். ஆனா நெடுந்தீவு வீட்டுக்கு!"

வலைக்காரர் எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மீனுக்குக் காத்துக்கொண்டு நின்ற மீன்காரன் தில்லைநாதன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். சின்னக்குட்டியின் கண் கலங்கியதை அவன் கண்டான்.

"என்னம்மா அவசரம்?"

ஒரே மூச்சில் சொன்னாள். தம்பியின் பிள்ளை, இரண்டாம் பூசை, போகப்போகிற சுவாமியார், காத்துக்கொண்டு நிற்கிற அல்போன்சம்மா. "எந்தக் கோயில்?" என்று கேட்டான். பெயர் தெரியாது. "உவர்மலையில இருந்து போறது. முன்னால அரச மரம், பக்கத்தில பெரிய மதில் எண்டு தம்பி சொன்னவன்."

"தெரியும், கடற்கரைக்குக் கிட்ட. ஏறுங்கோ."

"பொறும்" என்றாள். ஓடிப்போய் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, சிலுவை போட்டு, போத்தலை நிரப்பி, வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள். சேலை முழங்கால் வரைக்கும் சொட்டியது. தில்லைநாதனின் சைக்கிள் கரியரில் மீன்பெட்டி கட்டியிருந்தது. அதன் மேல் ஒரு பக்கமாக ஏறி இருந்தாள்.

தில்லைநாதன் நல்ல மனுசன், ஆனால் வாய் ஓயாதவன். "நெடுந்தீவில மீன் என்ன விலையம்மா? குதிரை இருக்காமே, ஏறி ஓடுவீங்களோ? எங்கட மச்சானும் ஒரு தரம் நயினாதீவுக் கோயிலுக்கு வந்தவன், உங்கட ஊருக்குக் கிட்டவோ?" ஒன்றுக்கும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் போத்தலைப் பிள்ளை மாதிரி அணைத்திருந்தாள்.

"இப்ப கதைச்சீங்களே!"

சின்னக்குட்டி அவன் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினாள். ஓட்டு என்று அர்த்தம். ஓட்டினான்.

கோயில் வாசல் வந்தபோது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. மீன்பெட்டியில் இருந்து நனைந்த சேலையோடு, சாராயப் போத்தலோடு இறங்கிய பெண்ணைக் கண்டு சனம் வழி விட்டது. மதிலைக் கண்டாள். விடிய அவள் உரசிக்கொண்டு போன அதே மதில்!

முன் மண்டபத்தில் ஞானசவுந்தரி தனியே அழாக்குறையாக நின்றாள். சவிரிமுத்துவைக் காணவில்லை, அக்காவைத் தேடித் துறைமுகக் கரைக்கு ஓடியிருந்தான். நடுவில் அல்போன்சம்மா பட்டுச் சேலையில். அவள் கையில் வெள்ளைச் சட்டையோடு பிள்ளை. பிள்ளையின் முகம் ஈரம்.

சின்னக்குட்டியின் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முடிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியாயிற்று. கேட்கவும் ஏலாது, வாய் கட்டியிருக்கிறது. இனி யாருக்காகக் கட்டியிருக்கிறது என்றும் தெரியவில்லை, ஆனாலும் திறக்கவில்லை. கண்ணால் மட்டும் தண்ணீர் வழிந்தது.

அல்போன்சம்மா கண்டுவிட்டாள். "வாறா ராசாத்தி, போத்தலும் கையுமா! எங்கயடியப்பா போனனீர்? கடலை அள்ளிக் குடிச்சிட்டு வாறீரோ? இஞ்ச சுவாமியாருக்கு நான் எத்தினை பொய் சொல்லுறது? ஒருக்காப் பிள்ளை நனைச்சுப்போட்டுது எண்டன். ஒருக்காச் சட்டையை உள்பக்கம் வெளியாப் போட்டாச்சு எண்டன். ஒருக்கா எனக்குத் தலை சுத்துது எண்டு கதிரையில இருந்தனான். பால் கக்காத பிள்ளையைக் கக்கினது எண்டு முகம் கழுவினனான். அந்த மனுசன் மணிக்கூட்டைப் பாக்குது, என்னைப் பாக்குது! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஊத்துமன் காலில!"

சொல்லிக்கொண்டே பிள்ளையின் இரண்டு காலுறையையும் கழற்றி எறிந்தாள்.

சின்னக்குட்டி அடைப்பைத் திறந்து, கடல் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு, சின்னக் கால் இரண்டையும் நனைத்தாள். பிள்ளை குளிரில் ஒரு உதை விட்டது. தண்ணீர் தெறித்து இரண்டு பெண்களின் முகத்திலும் அடித்தது.

"முடியேல்லையோ மச்சாள்?" இதுதான் அவள் வாயில் வந்த முதல் சொல்.

"நீர் இல்லாமல் என்ன முடியிறது? இந்தாரும், பிடியும். கையைத் துடையும் முதல். சீ, என்ன மீன் வெடில்!"

"நீர் ஏந்திப்போடுவன் எண்டு சொன்னனீரே."

அல்போன்சம்மா சின்னக்குட்டியின் நனைந்த சேலையைத் தன் கைலேஞ்சியால் துடைக்கக் குனிந்தாள். "சொன்னனான்தான். என்ர தங்கச்சியின்ர பிள்ளை. எனக்கும் ஆசைதானே" என்றாள். பிறகு நிமிராமலே, "நான் தங்கச்சியைக் கொண்டு இந்த மலைக்கு வந்த புதுசில தண்ணிக்குப் போய்க் குடத்தோட மத்தியானம்தான் வீடு வந்தனான். ஏறுற வழி எல்லாம் ஒரே மாதிரி. அழுதனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நீரும் சொல்லாதையும்" என்றாள்.

சுவாமியார் உள்ளே இருந்து, "இப்பவாவது தலைச்சுத்து நிண்டுதோ?" என்று கேட்டார்.

"நிண்டுது சுவாமி, நிண்டுது!" என்று அல்போன்சம்மா பதில் கொடுத்துக்கொண்டு சின்னக்குட்டியைத் தள்ளினாள்.

மூச்சிரைக்க ஓடிவந்த சவிரிமுத்து கண்டது இதைத்தான். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் அக்கா நிற்கிறாள். ஒரு காலத்தில் அவனை வைத்திருந்த அதே பக்கத்து இடுப்போடு பிள்ளையை அணைத்திருக்கிறாள். யசிந்தா என்று பெயர் சொன்னாள், கோயில் முழுக்கக் கேட்க. காலையில் அடக்கி வைத்திருந்த சத்தம் எல்லாம் அதில் வந்தது. வாசலில் மீன்காரன் தில்லைநாதன், தான் ஒரு சைவக்காரன் என்பதையும் மறந்து, எல்லாரோடும் சேர்ந்து சிலுவை போட்டான். அவனையும் விடாமல் மலைக்கு இழுத்துப் போய்ச் சாப்பாடு கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை சின்னக்குட்டி ஊருக்குப் புறப்பட்டாள். நொண்டின கன்று எப்படி என்று ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன் என்று பிடிவாதம். படலையில் எல்லாரும் நின்றார்கள். அவள் திரும்பி, முகத்தை மேட்டுப் பக்கம் வைத்து, பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள்.

"இன்னும் பயமோ மச்சாள்?" என்று அல்போன்சம்மா மேலே நின்று சிரித்தாள்.

"பயம் என்ன பயம்? நீங்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிப் போறனீங்கள். இப்பிடிப் போனா, கடைசி மட்டும் பிள்ளையின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு போகலாம்."

அல்போன்சம்மா பிள்ளையை உயர்த்திப் பிடித்தாள். சின்னக்குட்டி ஒவ்வொரு அடியாக இறங்கினாள். அந்த நாய் திரும்பவும் வந்து தலையைச் சரித்துப் பார்த்தது.

பிறகு வந்த வருசங்களில் சண்டையால் பாதைகள் அடைபட்டதும் திறந்ததும் எல்லாரும் அறிந்த கதை. தொண்ணூறாம் ஆண்டு தை மாதம், வழி திறந்திருந்த கொஞ்ச நாளில், அல்போன்சம்மா யசிந்தாவைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்கு வந்தாள். மறுநாள் விடியச் சின்னக்குட்டி மாட்டு வண்டியைப் பூட்டி, இரண்டு பேரையும் ஏற்றினாள். எங்கே என்று கேட்டதற்கு மாட்டை அதட்டி ஓட்டினாள். கடல் சோத்துக்கைப் பக்கம். வெயில் ஏறியது, சரிந்தது. கல்லும் பள்ளமும் குலுக்கியது. யசிந்தா மட்டக் குதிரையைக் கண்டு கைதட்டினாள். அல்போன்சம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். பொழுது சாய்கிறபோது வண்டி நின்றது. புறப்பட்ட அதே படலை.

சின்னக்குட்டி இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றாள். "பாத்தீரோ மச்சாள்? வந்திட்டம்!"

அல்போன்சம்மா வண்டியை விட்டு இறங்காமலே படலையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"இதைக் காட்டவோ என்ர இடுப்பை உடைச்சனீர்?" என்றாள். "சரி, சரி, உம்மட கணக்குச் சரிதான். இனித் தேத்தண்ணி வையும்."